பளிங்குத் தாழியில் இருப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த லண்டன் பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துப் பளிங்குத் தாழியைப் பற்றிச் சொல்லும்போது, சித்தப்பா ரிச்சர்டு கொன்ற இரண்டு இளவரசர்களின் எலும்புகள் அதில் இருப்பதாகக் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் ஒப்பவில்லை.

1483 ஏப்ரலில் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டு இறந்தபோது மூத்த மகன் ஐந்தாம் எட்வர்டுக்கு வயது 12. இளையவன் ரிச்சர்டுக்கு 9. முடிசூட லண்டனுக்கு வந்துகொண்டிருந்த மூத்தவனைச் சித்தப்பா வழியிலேயே தன் பிடிக்குள் கொண்டுவந்தார். இளையவனோடு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தாய் எலிசபெத், ஜூன் 16 அன்று அவனையும் மூத்தவன் இருந்த லண்டன் டவர் கோட்டைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பத்தே நாளில், தன் அண்ணன் நான்காம் எட்வர்டின் திருமணமே செல்லாது, பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்று சொல்லி, சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டாக அரியணை ஏறினார்.

அப்போது லண்டனில் இருந்த இத்தாலியர் டொமினிக் மான்சினி அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதிய குறிப்பு, 1934-ல் பிரான்சின் லில் நகர நூலகத்தில் கிடைத்தது. பிள்ளைகளைக் கோட்டையின் உள்ளறைகளுக்கு மாற்றினார்கள், கம்பிகளுக்கும் ஜன்னல்களுக்கும் பின்னால் எப்போதாவது தென்பட்டார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது என்கிறார் அவர். சாவு நெருங்குகிறது என்று எண்ணிச் சின்ன அரசன் தினமும் பாவமன்னிப்புக் கேட்டானாம். சொன்னவர் அவனுடைய மருத்துவர். அவன் பெயரைச் சொன்னாலே பெரிய ஆண்கள் கண்ணீர் விட்டதைத் தானே பார்த்ததாகவும் மான்சினி எழுதுகிறார். ஆனால் அவன் கொல்லப்பட்டானா, எப்படி இறந்தான் என்பது தனக்குத் தெரியவில்லை என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவரே இவ்வளவுதான் சொன்னார்.

எலும்புகள் கிடைத்தது 1674-ல், கோட்டைக்குள் ஒரு படிக்கட்டை இடித்தபோது. படிக்கட்டின் அடியில் புதைத்ததாக, பிற்காலத்தில் ரிச்சர்டின் வரலாற்றை எழுதிய தாமஸ் மோர் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். அதே மோர், பிறகு ஒரு பாதிரியார் உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் ரகசியமாகப் புதைத்தார் என்றும் எழுதியிருக்கிறார்! இதை மட்டும் ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்? 1933-ல் தாழியைத் திறந்து பார்த்தவர்கள், அவை ஆண்பிள்ளைகளின் எலும்புகள்தானா என்பதைக்கூட நிறுவவில்லை. மரபணுச் சோதனைக்கு இன்றுவரை அனுமதி கிடைக்கவில்லை. தாழியில் உள்ள லத்தீன் வரிகள் ரிச்சர்டைக் கொலைகாரன் என்றே சொல்கின்றன. கட்டுரையாளர் அவற்றை நம்பியிருக்கலாம். அவை பிள்ளைகள் மறைந்து 195 ஆண்டுகள் கழித்துப் பொறித்தவை.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் படித்தபோது ரிச்சர்டை வெறுத்தேன். அது ரிச்சர்டைப் போரில் வென்ற ஏழாம் ஹென்றியின் பேத்தி ஆண்ட காலத்து நாடகம் என்பது அப்போது உறைக்கவில்லை. பின்னாளில் ஜோசபின் டே 1951-ல் எழுதிய நாவலைப் படித்தேன். அதில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் காவல்துறை அதிகாரி, ரிச்சர்டை விடுவித்துப் பழியை ஹென்றி மேல் போடுகிறார். அதையும் கொஞ்ச நாள் அப்படியே நம்பினேன். இரண்டுமே அருமையான எழுத்து, சாட்சியம் ஆகாது.

என் கருத்தைக் கேட்டால், ரிச்சர்டுதான் பதில் சொல்ல வேண்டியவர். பிள்ளைகள் அவருடைய காவலில் இருந்தார்கள். கொன்றுவிட்டார் என்ற வதந்தி பரவியபோது ஒருமுறை வெளியே அழைத்துவந்து காட்டியிருந்தால் போதும், அவர் காட்டவில்லை. ஆனால் 1485-ல் வென்ற ஹென்றியும், ரிச்சர்டு மீதான குற்றப்பட்டியலில் 'குழந்தைகளின் ரத்தம் சிந்தியவர்' என்று பொதுவாகச் சொன்னாரே தவிர, பிள்ளைகளின் பெயரைச் சொல்லவில்லை. சந்தேகம் வலுவானது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் இதழ் உங்களுடையது. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டு, 'இளவரசர்களுடையவை என்று கருதப்படும் எலும்புகள்' என்று மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மதுரை.