கேள்வி கேட்பவரிடம் கட்சி கேட்காதீர்கள்: சித்தூர் தாலுகா பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் வார்டு மெம்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வார்டில் போன கிராம சபைக்கு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். வாசலில் இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பாதிப் பேர் அப்படியே திரும்பிவிட்டார்கள். வீடு கட்ட உதவி பெறுவோர் பட்டியலை மலையாளத்தில் வேகமாக வாசித்தார்கள். தன் பெயர் ஏன் விட்டுப்போனது என்று கேட்ட அம்மாவுக்கு, "அப்புறம் ஆபீசுக்கு வாங்க" என்று பதில். குடிதண்ணீர் பற்றிக் கேட்ட இளைஞர் மன்றத்துப் பையன்களிடம், "நீங்க எந்தக் கட்சி?" என்றார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வார்டின் வாக்காளர்கள் எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள்தானே? அங்கே கேட்க வாக்காளர் என்ற தகுதி போதும்.

நம் தாலுகாவில் நடந்ததையே சொல்கிறேன். 2000-ல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு உரிமம் கொடுத்தது பெருமாட்டி பஞ்சாயத்து. கொஞ்ச காலத்திலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் கீழே போனது. மிஞ்சியதும் வாயில் வைக்க முடியாமல் கெட்டது. 2002 ஏப்ரலில் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் முன்னால் நின்றவர்கள் ஆதிவாசிப் பெண்கள். அவர்களில் ஒருவரான இரவாளர் சமூகத்து மயிலம்மாவை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வருடம் கழித்து அதே பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்காக உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடத்தியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதிராக ஒரு சின்னப் பஞ்சாயத்து நிற்க அந்தப் பந்தல்தான் தெம்பு கொடுத்தது. பந்தலில் இருந்தவர்களை எதிரிகள் என்று ஒதுக்கியிருந்தால் தான் கொடுத்த உரிமத்தைத் தானே மறுக்கும் துணிவு பஞ்சாயத்துக்கு வந்திருக்குமா?

அந்த வேலை இன்னும் மீதி இருக்கிறது. ஆலையால் ஊருக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு 2010-ல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இதை விடாமல் கேட்கவும் ஊரில் ஆள் வேண்டும்.

மொழி விஷயம். மலையாளம் தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை. கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிறோம். ஆனால் எஸ்டிமேட், விதிமுறை என்று வரும்போது பெரியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. அப்படியிருக்க, தமிழர் நிறைந்த சபையில் பட்டியலைத் தமிழிலும் வாசிக்கச் சொல்வது அதிகமான கோரிக்கை இல்லை.

அடுத்த கிராம சபைக்கு முன்பே பட்டியலை இரண்டு மொழியிலும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டுங்கள். கூட்டத்தை வேலை முடிந்து வரும் நேரத்தில் வையுங்கள். போன கூட்டத்தில் முடிவு செய்ததில் எது நடந்தது, எது நிற்கிறது என்று முதலில் சொல்லுங்கள். பெயர் விட்டுப்போனவருக்கு அங்கேயே காரணம் சொல்லி மினிட்ஸில் எழுதுங்கள். பெண்களின் சுய உதவிக் குழுக்களான குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களிலும் வாசகசாலையிலும் பேசி ஆட்களை நாங்கள் கூட்டி வருகிறோம். கூட்டம் முடியும்வரை இருப்போம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவின் தமிழ் வாக்காளர் ஒருவர்