கொச்சிக் கோட்டை மாதிரிக் கூடம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம். சென்ற பொதுக்குழுவில் தாங்கள் ஒப்புதல் அளித்தவாறு, நம் படிப்பகத்தின் மாடிக் கூடத்தில் கொச்சிக் கோட்டையையும் அது காவல் இருந்த துறைமுக முகத்துவாரத்தையும் மாதிரியாக அமைக்கும் பணி நிறைவுற்றது. நம் சேலத்தில் புறப்படும் 544ஆம் தேசிய நெடுஞ்சாலை சென்று சேரும் ஊர் என்பதால் கொச்சியைத் தேர்ந்தோம். பக்கத்தில் சங்ககிரிக் கோட்டை இருக்கக் கொச்சி எதற்கு என்று சிலருக்கு மனக்குறை இருப்பதையும் குழு அறியும்.

ஓடு மாற்றுதலும் மின்கம்பி புதுப்பித்தலும் மழைக்கு முன்பே முடிந்தன. மாதிரிக்குத்தான் காலம் பிடித்தது. கொச்சி அரசரின் இசைவோடு போர்த்துகீசியர் 1503இல் எழுப்பி, தம் மன்னர் மானுவேலின் பெயரைச் சூட்டிய இம்மானுவேல் கோட்டையை 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றிச் சுருக்கிக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாகி, 1806இல் அவர்களாலேயே பெரும்பாலும் இடிக்கப்பட்டது. அளவெடுக்க முழு மதில் எஞ்சாததால், டச்சுக் காலத்து அமைப்பைக் காட்டுவது என்றும், வடிவம் உறுதிப்படாத கொத்தளங்களை வெறும் கோடாகக் குறிப்பது என்றும் முடிவு செய்தோம்.

மதிலைவிட நீர்ப்பரப்புக்கே அதிகம் செலவிட்டோம். அது வேண்டுமென்றே செய்தது. தெற்கே கோட்டைக் குடியிருப்பு, வடக்கே வைப்பின் தீவு, இடையில் முகத்துவாரம். கோட்டைப் பீரங்கிகள் பகைவர் கப்பலைத்தான் தடுத்திருக்கும். வாயிலின் குறுக்கே நீருக்கடியில் கிடந்த மணல்திட்டு எல்லாப் பெரிய கப்பல்களையும் வெளியே நிறுத்தியது. அவை கடலில் நங்கூரமிட, சரக்கு தோணிகளில் ஏறியிறங்கியது. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் திட்டு வெட்டப்பட்டபின், 1928இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்ளே நுழைந்தது; தூர்வாரிய மண்ணில் வில்லிங்டன் தீவு உருவானது. மாதிரியில் இத்திட்டைக் கண்ணாடிக்கு அடியில் தனித்துண்டாக வைத்துள்ளோம். காப்பாளரிடம் கேட்டால் அதைக் கழற்றிக் காட்டுவார்.

தோணிகளையும், கொச்சிக் கரையில் மீன்பிடிக்கும் சீனவலைகளையும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்கள் கூலி பெறாமல் பித்தளைத் தகட்டில் வெட்டித் தந்தனர். வலைகள் அளவுக்குச் சற்றுப் பெரியவை. வேலைப்பாட்டின் அழகு கருதி அப்படியே விட்டுவிட்டோம்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு அலுவலக மேசையில் பார்வைக்கு உள்ளது. மீதத் தொகையைக் கூடத்தின் பராமரிப்புக்கு வைப்பதா, சங்ககிரிக் கோட்டை மாதிரிக்கு முன்பணமாக்குவதா என்பதை வரும் பொதுக்குழு முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பணிக்குழுவினர்