விற்றவர் கட்டாத வரியை வாங்கியவரிடம் கேட்காதீர்கள்

சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களாகிய மாநில அமைச்சர்களுக்கும் வணக்கம்.

கோவையில் ஏழு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். வரித்துறையிலிருந்து சென்ற மாதம் வந்த அறிவிப்பே இம்மடலுக்குக் காரணம். இரண்டு லட்சம் ரூபாய்க்கு இரும்பு வாங்கி, 18 விழுக்காடு வரியான 36,000 ரூபாயையும் சேர்த்து வங்கி வழியாகச் செலுத்தினேன். பில், சரக்கை ஏற்றிவந்ததற்கான இ-வே பில், வங்கிப் பதிவு எல்லாம் கையில் இருக்கின்றன. விற்றவரோ பில்லை இணையதளத்தில் பதிவேற்றிவிட்டு, வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் 3பி படிவமும் தாக்கல் செய்யாமல், வரியும் கட்டாமல் கடையைப் பூட்டிவிட்டார். விற்றவர் அரசுக்கு வரி கட்டியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரவு என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(சி) பிரிவை இப்போது காட்டி, நான் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கொடுத்த வரியை, நான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். அவர் பின்னர் கட்டினால் நான் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி 37ஏ. அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. அவரைத் தேடிப் பிடிக்கும் அதிகாரமும் வரித்துறையிடம்தான் இருக்கிறது. தீபாவளி போனஸுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்துதான் இதைக் கட்டப்போகிறேன்.

விற்றவர் கட்டாத வரியை வாங்கியவரிடம் கேட்பது அநியாயம். வரிக்கு மேல் வரி விழாது என்று சொல்லித்தானே 2016இல் ஜிஎஸ்டிக்கு வழிவகுத்த அரசியலமைப்பின் 101ஆவது திருத்தம் நிறைவேற்றப்பட்டது? விற்பனை வரி விதிக்கும் உரிமையில் பெரும்பகுதியை மாநிலங்கள் அதற்காகவே விட்டுக்கொடுத்தன. ஈடாகக் கிடைத்த ஐந்தாண்டு இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. மன்ற வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு இருந்தும், எங்களைப் போன்ற சிறுதொழில் செய்வோருக்காக அந்த வலிமையை நீங்கள் பயன்படுத்தவில்லை என்பதே என் மனக்குறை. 2025 செப்டம்பரில் வரி விகிதங்களைக் குறைத்தபோதும் இந்தப் பிரிவைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள்.

வரியை வசூலித்து வைத்துக்கொண்ட விற்பனையாளர்மீது முதலில் நடவடிக்கை எடுக்காமல் வாங்கியவரிடம் போனது தவறு என்று, 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் துறையின் ஆணைகளை ரத்து செய்தது. எல்லோராலும் நீதிமன்றம் ஏற முடியாது. 36,000 ரூபாய்க்கு வழக்கறிஞர் வைத்தால் அதுவே இன்னொரு வரியாகிவிடும்.

ஆகவே, பில்லும் சரக்கும் பணப் பரிமாற்றமும் மெய்யென்று தெரிந்தால், விற்றவரிடமே முதலில் வசூலிக்குமாறும், கூட்டுச்சதி மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே வாங்கியவரின் வரவை மறுக்குமாறும், 16(2)(சி) பிரிவைத் திருத்த அடுத்த கூட்டத்திலேயே பரிந்துரைக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவை பட்டறை உரிமையாளர் ஒருவர்