கண்காட்சியில் ஒரு சோதனை மேசை போடுங்கள்: நாணயச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நாணயச் சேகரிப்போர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நீங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்குச் சேகரிப்பாளர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோரும் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதே அரங்கில் போலி நாணயமும் அசல் என்ற பெயரில் விலை போகிறது. வாங்குபவர் அங்கேயே சோதித்துப் பார்க்க வழி இல்லை. அந்த வழியை நீங்கள்தான் செய்து தர முடியும்.

அதிகம் கண்ணில் படுவது, 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த ராமர் காசு. அனுமன் படத்தோடும் வருகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. சென்னை மாகாணத்தில் பெருமாள் உருவத்தோடு நட்சத்திர வராகன் அடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது சின்னஞ்சிறு பொற்காசு. இந்தக் கனத்த செம்பு வில்லைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பூஜை அறையில் வைக்க ஒருவர் வாங்கினால் அது அவருடைய பக்தி. அதையே இருநூறு வருடப் பழைய காசு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் வாங்குவது மோசடி.

இதைக்கூடக் கொஞ்சம் படித்தவர் கண்டுபிடித்துவிடுவார். 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அப்படி இல்லை. 1940 முதல் ரூபாயில் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய தரத்தில், அதாவது 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் இந்த 1939. வெளியே வந்தவை மிகக் குறைவு என்பதால் விலை எங்கோ நிற்கிறது. 1938 ரூபாயோ சாதாரணமாகக் கிடைக்கும். ஆகவே 1938ஐ எடுத்து, கடைசி 8ஐச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிறார்கள். தராசில் வைத்தால் எடை சரியாக இருக்கும். வெள்ளியும் அசல் வெள்ளி. தட்டினால் மணிபோல ஒலிக்கும். ஏனென்றால் நாணயம் அசல்தான், ஆண்டு மட்டும்தான் பொய். பத்து மடங்கு லென்ஸை வைத்து அந்த 9ஐச் சுற்றிப் பார்க்க வேண்டும்: சுரண்டிய கோடுகள், பக்கத்துப் பரப்பிலிருந்து மாறித் தெரியும் நிறம், மற்ற எண்களோடு ஒத்துப்போகாத உயரம். நல்ல வெளிச்சமும் அவசரப்படுத்தாத விற்பனையாளரும் இருந்தால்தான் இது நடக்கும். நெரிசலான ஸ்டாலில் இரண்டுமே கிடைப்பதில்லை.

வார்ப்பில் செய்த போலிகளைப் பிடிப்பது சுலபம். எழுத்துகள் மழுங்கியிருக்கும், பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும், விளிம்பில் இணைப்புக் கோடு ஓடும். சந்தேகம் தீரவில்லையா, தண்ணீர் போதும். 1939 வரை வந்த 91.7 சதவீத வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் எடை சுமார் 1.13 கிராம் குறைய வேண்டும். பித்தளையோ, பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் என்ற கலப்பு உலோகமோ என்றால் 1.3 கிராமுக்கு மேல் குறையும். நாணயம் தேய்ந்திருந்தால் மொத்த எடை குறையுமே தவிர, அந்த எடையில் தண்ணீருக்குள் குறையும் பங்கு மாறாது. நாணயத்துக்கு ஒரு கீறலும் விழாது.

சிலர் நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தை வைத்து மூடித் தரும் தரச்சான்றுப் பெட்டியைக் காட்டி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டியிலேயே போலி வந்துவிட்டது. சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தையும் கையிலுள்ள நாணயத்தையும் ஒப்பிட்ட பிறகுதான் நம்பலாம்.

பணம் போவதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பெருவழுதி, மாக்கோதை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்த காசுகள் சங்க கால அரசர்களுக்கு நேரடிச் சான்று. இவற்றில் பல, முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்துக் கைமாறி வந்தவை. அப்படி வரும் காசுக்கு மண்ணடுக்கின் சாட்சி கிடையாது. காசுதான் தனக்குத் தானே சாட்சி. அந்த வரிசையில் ஒரு போலி எழுத்துக் காசு நுழைந்து, யாரோ அதை நம்பிக் கட்டுரையும் எழுதிவிட்டால், அதை வரலாற்றிலிருந்து பிடுங்கி எறிய ஒரு தலைமுறை ஆகும்.

சரி, நான் கேட்பது பெரிய செலவு இல்லை. வாசலுக்கு அருகே ஒரு மேசை, மில்லிகிராம் காட்டும் தராசு, லென்ஸ், விளக்கு, ஒரு டம்ளர் தண்ணீர், அனுபவமுள்ள ஒரு மூத்த உறுப்பினர். பணம் கொடுப்பதற்கு முன்பு அங்கே கொண்டுபோய்ப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை வேண்டும். அப்புறம், நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, 'போலி எனத் தெரிந்தால் பணம் திரும்பத் தரப்படும்' என்ற ஒரு வரி, இவ்வளவும் பில்லில் இருக்க வேண்டும். நகல் நாணயத்தில் நகல் என்று பொறித்திருக்க வேண்டும் என அமெரிக்காவில் 1973லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உங்கள் அரங்குக்குள் அந்த விதியைக் கொண்டுவர நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதற்கு ஒத்துக்கொள்ளாத வியாபாரிக்கு ஸ்டால் தராதீர்கள். அவர் தரும் வாடகை போனால் போகட்டும்.

அடுத்த கண்காட்சியின் ஸ்டால் விண்ணப்பத்திலேயே இவற்றை நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள். மேசைக்கு ஆள் குறைந்தால் சொல்லுங்கள். காலை முதல் மாலை வரை உட்கார நான் வருகிறேன், தராசும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஒரு நாணயச் சேகரிப்பாளர்