ஏலத்தை நிப்பாட்டி வச்ச அண்ணனுக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

நம்ம அங்கன்வாடி லிஸ்ட்ல பாக்கி இருந்த கடைசிப் பேரும் நேத்து காலையில ஆறே காலுக்கு போஷன் டிராக்கர் ஆப்ல ஏறிருச்சு. செல்லை மடியில வச்சுட்டு மணல்லயே உக்காந்துட்டேன், ஆயாம்மாதான் வந்து கையப் புடிச்சு தூக்கி விட்டாக. என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சுன்னு மறுபடி எழுதலை, மூணு வாரமா நம்ம ஊரே அதைத்தான பேசுச்சு. நன்றி சொல்றத மட்டும் தள்ளிப் போடக் கூடாதுன்னு இப்பவே எழுதுறேன்.

முதல்ல கரையில நண்டு ஏலம் விடுற அண்ணனுக்கு. பேரு போட வேணாம்னு சொல்லிட்டாக, நம்ம கரையில எல்லாருக்கும் தெரியும்.

என் லிஸ்ட்ல 23 பேருக்கு கேஒய்சி, அதான் ஆதாரை வச்சு ஆளைச் சரிபாக்குறது, பாக்கி, அதுல 16 பேரோட ஆதார்ல இருக்குறது வீட்டுக்காரர் நம்பர். அவுக மீன்பிடிக்கப் போறப்ப அந்த போனும் கூடவே கடலுக்குப் போயிருது. நான் சென்டர்ல உக்காந்து ஆதார் நம்பரைத் தட்டுனா ஓடிபி கெளம்பிப் போயிரும், வத்தையில, அதான் அவுக போற படகுல, சிக்னல் கெடையாது, 10 நிமிசத்துல அது செல்லாமப் போயிரும். ஓடிபி இல்லாட்டி கேஒய்சி இல்ல, கேஒய்சி இல்லாட்டி ஆப்ல முகம் பதிவாகாது. 2025 ஜூலை 1ல இருந்து முகம் பாத்துதான் சத்துமாவு குடுக்கணும்னு இருக்கே. மாசமா இருக்குற புள்ளைகளும் கைக்குழந்தைக்காரிகளும் வாசல்ல வந்து நிக்குறப்ப என்ன சொல்றதுன்னே தெரியாம நின்னேன்.

சரி, வத்தை கரையேறுற நேரத்துக்கு நாமளே போயிருவோம்னு விடியக்காலை நாலரைக்கு ஆயாம்மாவக் கூட்டிக்கிட்டு கரைக்குப் போனேன். அங்க போயி என்ன செய்ய? வலையில இருந்து நண்டை கழட்டுறவுக கழட்டுறாக, ஐஸ் பெட்டியோட கம்பெனி வண்டி நிக்குது, யாரும் நின்னு பேசுற நேரமா அது. ரெண்டு பேருகிட்ட கேட்டேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது, ஓடிபி கேட்டு காசை உருவுன கதை நம்ம தெருவுலயே இருக்கு, பேங்க்ல இருந்தே யாருக்கும் சொல்லாதீகன்னுதான மெசேஜ் அனுப்புறாக.

அண்ணன் அப்பத்தான் முதல் கூறுக்கு வெல கேக்க ஆரம்பிச்சிருந்தாக. நான் நிக்குறதைப் பாத்துட்டு "என்னத்தா"ன்னு கேட்டாக. சொன்னேன், முழுசாக்கூட சொல்லி முடிக்கல. தோள்ல கெடந்த துண்டை எடுத்து தராசு மேல போட்டுட்டு, "டீச்சர் வேலை முடியட்டும், அப்புறம் ஏலம்"னு சொல்லிட்டாக. யாவாரிமாரு சத்தம் போட்டாக, நண்டு சாகச்சாக வெல எறங்கும்னு எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கு நம்மளைவிட நல்லாவே தெரியும். "இவுக நம்ம டீச்சர், நான் ஜவாப்தாரி, போனை எடுங்கடா"ன்னு ஒரே சொல்லு. பாலித்தீன் கவருல சுத்தி சோத்துத் தூக்குக்குள்ள வச்சிருந்த போனுகள்லாம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஈரக்கைக்கு ஸ்கிரீன் வேலை செய்யாது, அண்ணன் அதே துண்டுல போனையும் தொடச்சு அவுக கையையும் தொடச்சு விட்டாக. நான் மறக்கவே முடியாத விசயம் ஒண்ணு இருக்கு. கரை முழுக்கக் கேக்குற கொரல் அது, அந்தக் கொரல்ல ஓடிபியப் படிச்சா பத்து பேரு காதுல விழுகும்னு, ஒவ்வொரு தடவையும் என் பக்கத்துல வந்து குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒவ்வொரு எண்ணா சொன்னாக. யாரும் அவுகளுக்கு சொல்லிக் குடுக்கல. இப்படி மூணு விடியக்காலை.

இந்த போஷன் டிராக்கர் 2021 மார்ச்ல வந்ததுல இருந்து நான் அதுலதான் கெடக்கேன். ஆப் மத்திய மகளிர் குழந்தைகள் அமைச்சகத்தோடது, தொழில்நுட்பத்துக்கு தேசிய மின் ஆளுமைப் பிரிவு கை குடுக்குது, ஆதாருக்கு ஆதார் ஆணையம், கர்ப்பிணித் தாய்க்குப் பதிவு நம்பரு குடுக்குறது சுகாதாரத் துறை, மாவு குடுக்குறது அங்கன்வாடிகளை நடத்துற நம்ம மாநில ஐசிடிஎஸ் (குழந்தை வளர்ச்சித் திட்டம்). இத்தனை எடமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி ஓடுறது லேசுப்பட்ட வேலை இல்ல, அதைச் செய்யிற முகந்தெரியாத ஆளுகளுக்கும் எங்க கும்பிடு. ஆனா எங்கயாவது ஒரு எடத்துல பொருந்தலேன்னா அது கம்ப்யூட்டர்ல நிக்கிறதில்ல, என் சென்டர் வாசல்ல இடுப்புல புள்ளையோட வந்து நிக்குது. அந்த எடத்துல எந்த துறையிலயும் இல்லாத ஒரு மனுசன் வந்து நின்னாரு, அதத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்.

மத்தவுகளும் கொறைச்சல் இல்ல. நர்ஸம்மா தன்னோட பெரிய நோட்டைத் தூக்கிட்டு சாயந்தரம் வந்து ஒவ்வொரு தாய்க்கும் பதிவு நம்பரு சரியான்னு ஒத்துப் பாத்தாக. 1975ல ஐசிடிஎஸ் ஆரம்பிச்சப்பவே ஆறு சேவையில தடுப்பூசி, உடம்பு பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புறது மூணையும் சுகாதாரத் துறையோட சேத்துதான் வச்சாக, அது பேப்பர்ல இல்லாம நெசமா எப்படி இருக்கும்னு நர்ஸம்மாகிட்டதான் பாத்தேன். போஸ்ட்மேன் தம்பி வீடு வீடா வந்து ஆதார்ல பொம்பளையாளுக நம்பரையே மாத்திக் குடுத்தாரு. சூப்பர்வைசர் மேடம், ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுத்த பிளாக் கோஆர்டினேட்டர் தம்பி, கோயில் மைக்கிலயும் பள்ளிவாசல் மைக்கிலயும் அறிவிப்பு சொன்ன பெரியவுக, வெறும் வயித்தோட எங்கூட வந்து நின்ன ஆயாம்மா. அப்புறம் நம்ம வளரிளம் பொண்ணுக மூணு பேரு. நம்ம ராமநாதபுரம் முன்னேற விழையும் மாவட்டம்னு மத்திய அரசு வச்சிருக்குற பட்டியல்ல இருக்குறதால 14ல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுகளும் நம்ம லிஸ்ட்ல உண்டு, தமிழ்நாட்டுல நமக்கும் விருதுநகருக்கும் மட்டும்தான் அப்படி. அந்தப் புள்ளைகதான் தெருத்தெருவா போயி யாருக்கு எந்த நம்பருன்னு எழுதிட்டு வந்துச்சுக.

இனிமே யாராவது புதுசா மாசமா இருக்காகன்னு தெரிஞ்ச அன்னைக்கே அவுக நம்பரு அவுக கையிலயே இருக்குற போனுக்கு மாறிருச்சான்னு நான் பாத்துருவேன். சிவப்பு அட்டை நோட்டு ஒண்ணு இதுக்குன்னே போட்டுட்டேன். மாவு வாங்க வந்த யாரையும் நாளைக்கு வாங்கன்னு நான் அனுப்ப மாட்டேன், இது என் புள்ளைக மேல சத்தியம்.

அண்ணே, இதை உங்க மகதான் படிச்சுக் காட்டும். அன்னைக்கு நண்டு வெல எவ்வளவு எறங்குச்சுன்னு கேட்டேன், கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்ல. பேரனுக்கு இந்த மாசம் எடை போடணும், திங்கக்கெழம கூட்டியாரச் சொல்லுங்க.