கடை ஸ்டிக்கருக்குள்ள ஒரு அறிவியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மாணவர் பக்கத்துல கிரகம், ராக்கெட்னு போடுறீங்க, நல்லாதான் இருக்கு, ஆனா தேக்கா கடைகள்ல ஷாம்பு பாட்டில்ல ஒட்டியிருக்குற அந்த குட்டி வெள்ளை பிளாஸ்டிக் டேக் பத்தியும் எழுதலாமே. பிரிச்சுப் பார்த்தா உள்ள பளபளன்னு மெல்லிசா உலோகப் பட்டை இருக்கும், வாசல்ல நிக்கிற கம்பத்துக்கிட்ட போனா நொடிக்கு 58,000 தடவ அதிரும், அந்த அதிர்வ கம்பம் கண்டுபிடிச்சுடும், அதான் அலாரம் அடிக்குது.

அந்தப் பட்டைல அணுக்கள் வரிசையா அடுக்காம பேரங்காடி க்யூ கலைஞ்ச மாதிரி கிடக்கும். உருகின உலோகத்த நொடிக்கு பத்து லட்சம் டிகிரி வேகத்துல குளிரவச்சா அணுக்கள் வரிசையா அடுக்கி படிகமா மாற நேரமே கிடைக்காது. அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல விஞ்ஞானி போல் டூவெஸ் குழு 1960ல தங்கம்-சிலிக்கான்ல இத மொதல்ல செஞ்சு காட்டுச்சு. இரும்பு, போரான், சிலிக்கான் கலவைல செஞ்சா படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவுல வர்ற எல்லை எதுவும் குறுக்க நிக்காது, காந்தம் சுலபமா திசை மாறும், அதனால டிரான்ஸ்ஃபார்மர்ல சும்மா வீணாகுற கரண்ட் ரொம்பக் குறையும்.

எனக்கு இன்னும் புடிச்சது 1988ல ஜப்பான்காரங்க சொன்ன ஃபைன்மெட்ங்குற உலோகக் கலவை. அதே மாதிரி பட்டைல கொஞ்சம் செம்பு, நியோபியம் சேர்த்து 550 டிகிரி பக்கம் சூடாக்குறாங்க, செம்பு படிகத்த ஆரம்பிச்சு வைக்கும், நியோபியம் வளரவிடாது, 10 நானோமீட்டர்லயே நின்னுடும். படிகம் வந்தா காந்தத்தன்மை கெட்டுடும்னு நெனப்போம், இவ்ளோ பொடிசா இருந்தா நேர்மாறு! பட்டை நொறுங்கும், அது ஒண்ணுதான் தொல்லை.

படத்தோட போடுங்க சார், பசங்க படிப்பாங்க.

ஈசூன் வாசகர்