நம்ம போர்ட் வைன் வட்டத்தோட 2025 ஆண்டறிக்கை: தயாரிப்பாளர்கள்கிட்ட நாம கேக்கப் போறது

தலைவர் அக்காவுக்கும் பொருளாளர் அண்ணனுக்கும் மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமான கணக்க முதல்ல சொல்லிடறேன். மாசம் ஒரு கூட்டம் நடந்துச்சு, ஆகஸ்ட்ல மட்டும் பாதி பேர் ஊர்ல இல்லாததால விட்டுட்டோம். புதுசா நாலு பேர் சேந்தாங்க, ரெண்டு பேர் லண்டன விட்டே போயிட்டாங்க. சந்தா பாக்கி யாருக்கும் இல்ல. வரவு செலவ அண்ணன் தனியா வாசிப்பாரு. மத்தபடி இந்த வருஷம் முழுக்க நாம உக்காந்து பேசினது ஒரே விஷயம்தான், போர்ட், அதாவது போர்ச்சுகல்ல டூரோ பள்ளத்தாக்கு திராட்சையில செய்யற இனிப்பு வைன், அதத் தயாரிக்கறவங்களுக்கு எழுதப் போற கடிதம், அதனால அதப் பத்தியே எழுதறேன்.

இது பிப்ரவரி கூட்டத்துல ஆரம்பிச்சது. நம்மள்ல மூத்தவரு ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு வந்த ரிசர்வ் டானி (மரப்பீப்பாய்ல முதிர வச்ச போர்ட், லேபிள்ல வயசு போடாதது) பாட்டில பத்திரமா வச்சிருந்து நமக்காக எடுத்துட்டு வந்தாரு. தொறந்து ஊத்தினா கலர் நல்லாத்தான் இருக்கு, ஆனா வறுத்த பாதாம், ஆரஞ்சுத் தோல், கருப்பட்டிப் பாகுன்னு வரவேண்டிய வாசனை ஒண்ணுமே இல்ல, நாக்குல வெறும் இனிப்பு மட்டும் நிக்குது. அவரு முகம் வாடிப்போச்சு. பாட்டில திருப்பித் திருப்பிப் பாத்தோம், எந்த வருஷம் பாட்டில்ல அடைச்சாங்கன்னு எங்கயும் போடல. டானி மரப்பீப்பாய்ல இருக்கற வரைக்கும்தான் வளரும், பாட்டிலுக்கு வந்தப்பறம் அது விண்டேஜ் (ஒரே நல்ல வருஷத்து அறுவடையில செஞ்சு பாட்டில்லயே முதிர்ற போர்ட்) மாதிரி மேல போகாது, மெதுவா இறங்கத்தான் செய்யும். 10, 20, 30, 40ன்னு வயசு போட்ட டானியில பாட்டில்ல அடைச்ச வருஷம் பின் லேபிள்ல இருக்கு. அப்போ வயசு போடாத டானியிலயும் ரூபியிலயும் (இளசாவே பாட்டில்ல அடைக்கற சிவப்பு போர்ட்) போட என்ன தடை? நம்ம முதல் கேள்வி இதுதான், போட ஒரு வரி போதும்.

அதுலேருந்து வயசுக்கே பேச்சு போச்சு. 20ன்னு போட்டா அதுல இருக்கற ஒவ்வொரு துளியும் 20 வருஷம் ஆனதுன்னு புது மெம்பர் தம்பி நெனச்சிருந்தாரு. அப்படி இல்ல, இளசும் பழசும் கலந்து 20 வருஷத்துக்கான குணம் வந்திருக்கான்னு ஐவிடிபியோட (போர்ட் வைன கட்டுப்படுத்தற போர்ச்சுகல் அரசு அமைப்பு) ருசி பாக்கற குழு பாத்து ஒத்துக்கணும். இதுல ஏமாத்து எதுவும் இல்ல, கலக்கறதுதான் டானியோட பெரிய வித்தையே. 2022ல 50 வருஷ டானியும், 80க்கு மேல போனதுக்கு தனி வகையும் கொண்டுவந்தாங்க. ஆனா அந்தக் கலவையில ரொம்ப பழசு எது, ரொம்ப இளசு எதுன்னு சொன்னா ருசி பாக்கறப்போ எவ்வளவு உதவும். ரகசியக் கணக்கு வேண்டாம், ரெண்டு வருஷம் சொன்னா போதும்.

எனக்கு தனிப்பட்ட முறையில மனசுல உறுத்தறது அகுவார்டென்ட், அதாவது நொதிக்கறத பாதியில நிறுத்த ஊத்தற திராட்சை ஸ்பிரிட். சுமாரா 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர் ஸ்பிரிட், சேந்து 550 லிட்டர், அதத்தான் ஒரு பைப்னு சொல்றாங்க. அந்த ஸ்பிரிட்ல 77 சதவீதம் ஆல்கஹால். அப்போ நம்ம கிளாஸ்ல அஞ்சுல ஒரு பங்கு இதுதான். டூரிகா நாசியோனால், டூரிகா ஃப்ராங்கா, டின்டா ரோரிஸ்னு திராட்சை பேரெல்லாம் ஆசையா எழுதறாங்க, தோட்டத்தோட சரிவு எந்தப் பக்கம்னு கூட எழுதறாங்க, இந்த அஞ்சுல ஒரு பங்கு எந்த ஊர்லேருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. டூரோ திராட்சையிலேருந்தே அத வடிக்கணும்னு அங்க உள்ள விவசாயிகள் கேக்கறாங்க. 19ஆம் நூற்றாண்டுலயே ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், அங்க எல்லாரும் பாரன் (பிரபுப் பட்டம்) ஃபாரஸ்டர்னு சொல்ற அந்த போர்ட் வியாபாரி, ஸ்பிரிட் சேக்கறதே தப்புன்னு சண்டை போட்டவரு, 1861ல டூரோ ஆத்துல வலெய்ராகிட்ட படகு கவிழ்ந்து போயிட்டாரு. அவரு சொன்னத நாம ஏத்துக்கல, ஸ்பிரிட் இல்லாம நமக்குப் புடிச்ச போர்ட்டே கெடையாது. ஆனா எங்கேருந்து வந்ததுன்னு கேக்கற உரிமை நமக்கு இருக்கு.

செப்டம்பர்ல ஆறு பேர் போர்ட்டோ போனோம். ஆத்துக்கு எதிர்க்கரையில இருக்கற வில்லா நோவா டி காயாவுல பீப்பாய் கிடங்கு பாத்தோம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மறக்க முடியாதது ரயில்ல டூரோ பள்ளத்தாக்குல இருக்கற பின்யாவ் ஊருக்குப் போன நாள்தான். ஸ்டேஷன் சுவர் பூரா அறுவடைக் காட்சி வரைஞ்ச நீல ஓடு, மேல பாத்தா பலகைக்கல் மலைய வெட்டி படிப்படியா கட்டின தோட்டம். அங்க ஒரு பாட்டி, சின்னத் தோட்டக்காரங்க, எங்கள வீட்டு வாசல்ல உக்கார வச்சு ஒரு தாள எடுத்து காட்டினாங்க, அவங்க பேத்திதான் மொழிபெயர்த்தா. அந்த வருஷம் எத்தனை பைப் போர்ட்டுக்கு சாறு குடுக்கலாம்னு அதுல எழுதியிருக்கு. இதுக்கு பேரு பெனிஃபிசியோ. மொத்த டூரோவுக்கும் 2023ல 1,04,000 பைப், 2024ல 90,000, 2025ல 75,000. தோட்டத்துக்கு எழுத்துல தரம் போட்டு அதுப்படி பங்கு பிரிக்கறாங்க. அளவுக்கு மேல வர்ற திராட்சை போர்ட்டுக்குப் போகாது, அதுக்கு கெடைக்கற விலை வேற. செடி அதே, ஏறி இறங்கற படி அதே, கையில வர்ற காசு மட்டும் வருஷா வருஷம் குறையுதுன்னு சொல்லிட்டு, இதயெல்லாம் வாங்கறவங்க கேட்டாத்தான் காதுல ஏறும், நாங்க கேட்டா ஏறாதுன்னாங்க. கைவிரல் நகத்துல எல்லாம் திராட்சைக் கறை.

திரும்பி வந்ததும் கடிதத்துல இந்தக் கேள்வி முன்னாடி வந்துடுச்சு: நீங்க வெளியிலேருந்து வாங்கற திராட்சைக்கு விவசாயிக்கு என்ன குடுக்கறீங்க, அத வருஷா வருஷம் வெளியில சொல்வீங்களா? சில பேர் இது ருசி பாக்கற வட்டத்தோட வேலையான்னு கேட்டாங்க. அந்தத் தாள என் கண்ணால பாத்தப்பறம் இத விட்டுட்டு கார்க் பத்தி மட்டும் கேக்க எனக்கு மனசு வரல.

மத்த கேள்விகள் சின்னது. எல்பிவி (லேட் பாட்டில்ட் விண்டேஜ், ஒரே வருஷத்து போர்ட்ட தாமதமா பாட்டில்ல அடைக்கறது) வடிகட்டினதா இல்லையான்னு முன் லேபிள்லயே போடுங்க. லகார்ல (திராட்சை மிதிக்கற தொட்டி) கால்ல மிதிச்சதா, இயந்திரக் கால் மிதிச்சதான்னு சொல்லுங்க, ரெண்டும் நமக்கு சம்மதம்தான். 2016, 2017னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் பல பேர் விண்டேஜ் செய்யற அளவுக்கு நல்ல வருஷம்னு அறிவிச்சாங்களே, அத எப்படி முடிவு பண்ணீங்க? எது சிறந்த வருஷம்னு கேக்கற கேள்விய மட்டும் நான் எடுத்துட்டேன், அத நாமளே குடிச்சு பாத்துக்கலாம்.

1986 வரைக்கும் போர்ட் ஏத்துமதி காயா வழியாத்தான் போகணும்னு இருந்துச்சு, அதுக்கப்பறம்தான் சின்னத் தோட்டக்காரங்க தாங்களே பாட்டில் போட்டு நேரா விக்க முடிஞ்சுது. அதனால பெரிய கம்பெனிகளோட அவங்களுக்கும் கடிதம் போகுது. போர்ச்சுகீஸ்ல மாத்தி எழுதற வேலைய அக்கா ஏத்துக்கிட்டாங்க, ரொம்ப நன்றி. ஜனவரி கூட்டத்துல வாசிச்சு எல்லாரும் கையெழுத்து போட்டதும் அனுப்பிடலாம். அன்னிக்கு வடிகட்டாத எல்பிவி தொறக்கறோம், கொண்டு வர்ற அண்ணன் முந்தின நாளே பாட்டில நிமித்தி வச்சிடுங்க, வடிகட்டற மஸ்லின் துணி என்கிட்ட இருக்கு.

செயலாளர்